ரெண்டே கம்பி: ஆபீஸ் தொலைபேசி பற்றி வாசகர் கேள்விகள்

சின்ன ஆபீஸ் இண்டர்காம், இபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களை ஆபீஸ் டெலிபோன்களோடும், அவற்றை ஒன்றோடொன்றும் இணைக்கும் பெட்டி) பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “பெட்டி கெட்டுப்போச்சு, எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கலாம்?” என்ற ரகம். படித்துப் பார்த்தால் ஒன்றிரண்டைத் தவிர எதிலும் பெட்டி கெட்டதாகத் தெரியவில்லை. எல்லாம் கம்பி சமாச்சாரம், இல்லாவிட்டால் கம்பியில் போகிற சிக்னல் சமாச்சாரம். அதனால் கம்பெனி பெயர் எதுவும் சொல்லாமல் நேராகக் கேள்விகளுக்குப் போய்விடுகிறேன்.

ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் வாசகர்: எங்கள் ஆபீஸில் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் (உள் டெலிபோன்). 23-ஆம் எக்ஸ்டென்ஷனில் பேசும்போது 24-இல் நடக்கும் பேச்சு மெலிதாகக் கேட்கிறது. பெட்டிக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷன் கார்டை மாற்றினோம், பிறகு பெட்டியையே மாற்றினோம், இன்னும் கேட்கிறது. நான் விலை பேசுவதெல்லாம் பக்கத்து மேஜைக்குத் தெரிந்துவிடுகிறது.

பெட்டிக்குக் கொடுத்த பணம் போச்சு, விடுங்கள். கேபிள் இழுத்தது யார்? லைட், ஃபேன் வேலை பார்த்த அதே எலக்ட்ரீஷியன் என்றால் எனக்கு விஷயம் முக்கால்வாசி புரிந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தறி ஆபீஸில் இதே புகார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். ஒட்டடை, பல்லி முட்டை ஓடு, நடுவில் 4 ஜோடி லேன் கேபிள். அதில் நீலமும் ஆரஞ்சும் ஒரு எக்ஸ்டென்ஷனுக்குப் போயிருந்தது. நீலத்தோடு பின்னி வந்த வெள்ளையும் ஆரஞ்சோடு பின்னி வந்த வெள்ளையும் சேர்ந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன். இழுத்த தம்பி கவனக்குறைவாகச் செய்யவில்லை, கலரை எல்லாம் ஒரு பக்கம், வெள்ளையை எல்லாம் ஒரு பக்கம் என்று அழகாகத்தான் பிரித்திருந்தார். மல்டிமீட்டர் வைத்தால் இரண்டிலும் வோல்டேஜ் இருக்கும், மணி அடிக்கும், டயல் டோன் வரும், எல்லாம் சரி. பேச ஆரம்பித்தால்தான் ஒழுகும். இதற்கு எங்கள் தொழிலில் ‘ஸ்பிளிட் பேர்’ என்று பெயர். ஜோடி பிரிந்துபோச்சு என்று அர்த்தம்.

ஏன் ஒழுகுகிறது? தொலைபேசி கேட்பது ஒரு கம்பியை இல்லை, இரண்டு கம்பிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை. வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறினால் வித்தியாசம் பூஜ்யம், காதுக்கு எதுவும் வராது. ஒரே அளவு ஏறவேண்டும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஓட வேண்டும், இந்த அங்குலத்தில் இவன் பக்கத்துக் கம்பிக்குக் கிட்டே, அடுத்த அங்குலத்தில் அவன் கிட்டே. அதற்காகத்தான் முறுக்கு. கிரஹாம் பெல் 1881-லேயே இந்த முறுக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், தொலைபேசி வந்து 5 வருஷத்துக்குள். லேன் கேபிளை உரித்துப் பாருங்கள், 4 ஜோடியும் ஒரே மாதிரி முறுக்கியிருக்காது. ஒன்று நெருக்கமாக, இன்னொன்று கொஞ்சம் தளர்வாக. பக்கத்து ஜோடியோடு தாளம் ஒத்துப்போய்விடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நம் தம்பி என்ன செய்தார்? ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு காலை ஒரு முறுக்கிலும் இன்னொரு காலை அடுத்த முறுக்கிலும் வைத்துவிட்டார். அப்புறம் 23-உம் 24-உம் கட்டிப்பிடித்துக்கொண்டு 40 மீட்டர் ஓடினால் ரகசியம் எப்படித் தங்கும்?

வேலை ரொம்பச் சின்னது. பெட்டிப் பக்கம், ரொசெட் (சுவரில் டெலிபோன் செருகும் இடம்) பக்கம் இரண்டு முனையிலும் நீலமும் அதன் வெள்ளையும் ஒரு எக்ஸ்டென்ஷன், ஆரஞ்சும் அதன் வெள்ளையும் அடுத்தது என்று மாற்றிக் குத்துங்கள். குத்தும் இடத்தில் முறுக்கை ஒரு அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். கம்பியைக் குத்திப் பொருத்தும் பஞ்சிங் டூல் இருந்தால் அரை மணி நேர வேலை.

இன்னொன்று. 10 ஜோடி, 20 ஜோடி தொலைபேசிக் கேபிள் என்றால் நிறக்கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒரு பக்கம், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் மறுபக்கம். வெள்ளை–நீலம் 1-ஆவது ஜோடி, வெள்ளை–சாம்பல் 5-ஆவது, சிவப்பு–நீலம் 6-ஆவது, இப்படி 25 வரை போகும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஏணி மேல் நின்றுகொண்டு “பதினேழு?” என்பார். கீழே இருக்கிற நான் “மஞ்சள் ஆரஞ்சு” என்று சொல்லும்வரை இறங்க மாட்டார்.

மதுரையில் ஒரு கிளினிக் வரவேற்பாளர்: டாக்டருக்குக் காலை மாற்றிவிட ஃப்ளாஷ் பட்டனை அழுத்தினால் சில சமயம் கால் கட்டாகிவிடுகிறது. பழைய டெலிபோனில் இந்தத் தொல்லை இல்லை, புது டெலிபோன் வாங்கியதிலிருந்துதான். டாக்டர் என்னைத் திட்டுகிறார்.

உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா, டாக்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

சாதா டெலிபோனுக்கும் பெட்டிக்கும் இடையே இருப்பது ரெண்டே கம்பி. ரிசீவரை எடுத்தால் கம்பிக்குள் கரண்ட் ஓடும், வைத்தால் நிற்கும். அந்த ஓட்டத்தை வெட்டுவதுதான் உங்கள் டெலிபோன் பெட்டியோடு பேசும் ஆதிமொழி. எவ்வளவு நேரம் வெட்டினோம் என்பதில்தான் அர்த்தம். சுழற்றும் டயல் இருந்த காலத்தில் 1 என்றால் ஒரு வெட்டு, 5 என்றால் 5 வெட்டு, 0 என்றால் 10. ஒரு செகண்டுக்கு 10 வெட்டு என்ற வேகம், ஒவ்வொரு வெட்டும் 60 முதல் 67 மில்லி செகண்டு வரை. டயலில் பூட்டுப் போட்டிருந்த வீடுகளில் ரிசீவர் வைக்கும் கட்டையைத் தாளம் போட்டுத் தட்டியே நம்பர் போட்ட பையன்கள் உண்டு. நானும் ஒருவன், வெற்றிகரமாகப் போட்டது இரண்டு தடவைதான்.

அதைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டினால் ‘ஃப்ளாஷ்’, அதாவது “இவரைக் கொஞ்சம் நிறுத்திவை, எனக்கு வேறு வேலை இருக்கிறது” என்று பெட்டிக்குச் சொல்வது. இன்னும் நீளமாக வெட்டினால் “நான் வைத்துவிட்டேன்”. எது ஃப்ளாஷ், எது வைத்துவிட்டது என்ற எல்லைக்கோடு பெட்டிக்குப் பெட்டி மாறும். உங்கள் புது டெலிபோன் 600 மில்லி செகண்டு வெட்டுகிறது, பெட்டி 500-ஐத் தாண்டினாலே கால் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள், கட்டாகாமல் என்ன செய்யும்? எல்லைக்கோட்டுக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் உங்களுக்கு நடப்பது மாதிரி சில சமயம் போகும், சில சமயம் கட்டாகும். நேர்மாறாகவும் நடக்கும். 100 மில்லி செகண்டு வெட்டுகிற டெலிபோனைப் பெட்டி ‘1 போட்டார்’ என்று புரிந்துகொண்டு சும்மா இருந்துவிடும்.

டெலிபோனைத் திருப்பிப் போட்டு அடியில் பாருங்கள், 100, 300, 600 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் பல மாடல்களில் இருக்கும். முதலில் 300-இல் வைத்துப் பாருங்கள். ஸ்விட்ச் இல்லை என்றால் பெட்டியின் புரோகிராமில் ஃப்ளாஷ் நேரம் என்று ஒன்று இருக்கும், சர்வீஸ்காரரிடம் அதை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். ரொம்பக் கூட்டிவிட்டால் வேறு வம்பு: வைத்துவிட்டு உடனே எடுத்தால் பழைய ஆள் இன்னும் லைனில் இருப்பார்.

பண்ருட்டி, பள்ளி அலுவலக உதவியாளர்: தொலைபேசிக் கம்பியில் ஷாக் அடிக்குமா?

சாதாரண நேரத்தில் 48 வோல்ட் டிசி, காய்ந்த கையில் ஒன்றும் தெரியாது. மணி அடிக்கும்போது அதே கம்பியில் 75 வோல்ட்டுக்கும் மேல் ஏசி ஏறும், செகண்டுக்கு 25 சுற்று. நான் வேலை கற்றுக்கொண்ட புதிதில் கம்பியைப் பல்லால் உரிப்பேன். ஒரு நாள் உரித்துக்கொண்டிருக்கும்போது யாரோ அந்த நம்பருக்கு அடித்தார்கள். நம் ஊர் மணி எப்படி அடிக்கும் தெரியுமல்லவா, ‘டிரிங்-டிரிங்’, இடைவெளி, ‘டிரிங்-டிரிங்’. எனக்கு இரண்டு டிரிங்கும் பல்லில் தனித்தனியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து கட்டர்தான்.

எக்ஸ்சேஞ்சில் அந்த 48 வோல்ட்டின் பிளஸ் முனையைத்தான் பூமியோடு சேர்த்திருப்பார்கள், மைனஸை இல்லை. கேபிளில் ஈரம் இறங்கினால் பூமியைவிடப் பிளஸாக இருக்கும் செம்பு கரைந்து போகும், மைனஸாக இருந்தால் தப்பிக்கும். பூமிக்கடியில் கிடக்கும் செம்பைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு.

உங்கள் பள்ளி எக்ஸ்டென்ஷனில் மீட்டர் வைத்து 48-க்குப் பதில் 24 காட்டினால் பயப்படாதீர்கள். சின்னப் பெட்டிகள் சில அவ்வளவுதான் கொடுக்கும். ஒரு கட்டடத்துக்குள் அது போதும்.

திருநெல்வேலி, ஆடிட்டர் ஆபீஸ்: செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்தார்கள். ஃபைபர் பெட்டியில் உள்ள டெலிபோன் ஓட்டையிலிருந்து எங்கள் பழைய இபிஏபிஎக்ஸுக்குக் கம்பி இழுத்தோம். இப்போது இரண்டு தொல்லை. ஒன்று, வெளியிலிருந்து கூப்பிட்டவர் வைத்த பிறகும் லைன் பிஸியாகவே நிற்கிறது, பெட்டியை ஆஃப் செய்து போட்டால்தான் விடுகிறது. இரண்டு, எங்களிடம் பேசுகிறவர்கள் “என் குரல் எனக்கே கேட்கிறது” என்கிறார்கள்.

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான், இதே தொல்லையை வேறு 4 பேரும் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உங்கள் இபிஏபிஎக்ஸுக்கு இரண்டு முகம். எக்ஸ்டென்ஷன் பக்கம் அது எக்ஸ்சேஞ்ச் வேஷம் போடும்: வோல்டேஜ் கொடுக்கும், டயல் டோன் கொடுக்கும், மணி அடிக்கும். வெளி லைன் வருகிற டிரங்க் பக்கம் அது வெறும் டெலிபோன் வேஷம்: மணி வந்தால் ‘ரிசீவரை எடுக்கும்’, முடிந்தால் வைக்கும். அங்கேதான் சிக்கல். நிஜ டெலிபோனில் ஒரு மனுஷர் இருக்கிறார். எதிராளி வைத்துவிட்டால் டூ-டூ சத்தம் கேட்டு அவரும் வைத்துவிடுவார். பெட்டிக்கு யார் சொல்வது? எக்ஸ்டென்ஷனில் ஆள் பேசிக்கொண்டிருந்தால் அவர் வைத்ததும் பெட்டியும் வைத்துவிடும், பிரச்சினை தெரியாது. “வணக்கம், எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்” என்று பெட்டியே பேசிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்துவிட்டால்தான் பெட்டி ஆள் இல்லாத லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கவனித்துப் பாருங்கள், உங்களுக்கும் இந்த மாதிரி நேரங்களில்தான் நடந்திருக்கும், இல்லாவிட்டால் காலை ஹோல்டில் போட்டுவிட்டு மறந்துபோன நேரத்தில்.

எதிராளி வைத்தார் என்பதைப் பெட்டிக்குச் சொல்ல மூன்று வழி உண்டு. ஒன்று, லைன் கரண்டை ஒரு கணம் எக்ஸ்சேஞ்சே வெட்டுவது. இரண்டு, பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றுவது. எஸ்டிடி பூத் ஞாபகம் இருக்கிறதா? எதிர்முனையில் எடுத்தார்கள் என்பதை அந்த பில் மெஷினுக்குச் சொன்ன வழிகளில் ஒன்று இந்தத் திருப்பம்தான். எடுத்ததும் போலாரிட்டி திரும்பும், மெஷினில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பிக்கும். அது பழைய நிலைக்குத் திரும்பினால் கால் முடிந்தது என்று அர்த்தம். மூன்றாவது, வெறும் சத்தம். பிஸி டோன் வந்தால் பெட்டி அதைக் காதால் கேட்டு வைத்துவிட வேண்டும்.

பழைய லைனில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி அதற்குப் பழகியிருந்தது. ஃபைபர் பெட்டி வந்ததும் அது மாறிப்போச்சு. நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் செகண்டு சத்தம், முக்கால் செகண்டு அமைதி. அமெரிக்க பிஸி டோன் 480-உம் 620-உம் கலந்தது, அரை செகண்டு, அரை செகண்டு. ஃபைபர் பெட்டியில் நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று கிடந்தால் அது அமெரிக்க பிஸி டோன் ஊதும். இந்திய டோனுக்குக் காத்திருக்கிற உங்கள் பெட்டி, ‘யாரோ பாடுகிறார்கள் போல’ என்று நினைத்துக்கொண்டு நிற்கும்.

முதல் வேலை, லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டு ஃபைபர் பெட்டியின் தொலைபேசிப் பகுதியில் நாட்டை இந்தியா என்று போடச் சொல்லுங்கள். அடுத்தது, அதில் போலாரிட்டி திருப்பும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட்டு, இபிஏபிஎக்ஸிலும் அந்த டிரங்குக்கு அதையே போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதில் பிரயோஜனம் இல்லை. இரண்டும் முடியாது என்றால் அறிவிப்பு முடிந்து 15 செகண்டுக்குள் யாரும் எண் அழுத்தாவிட்டால் வெட்டிவிடு என்று பெட்டியில் போட்டுவைக்கலாம். அரைகுறை வைத்தியம்தான், ஆனால் லைன் மாட்டிக்கொண்டு நிற்காது.

எதிரொலிக்கு வருகிறேன். கூப்பிட்டவருக்கு அவர் குரல் திரும்பினால் கோளாறு உங்கள் முனையில். இதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், நிறையப் பேர் தங்கள் காதில் கேட்காததால் ‘நம்மிடம் ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே ஜோடிக் கம்பியில் போகிற பேச்சும் வருகிற பேச்சும் சேர்ந்தே ஓடுகின்றன. ஃபைபருக்குள் போவதற்கு முன் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிற ஒரு சுற்று உண்டு, ஹைப்ரிட் என்பார்கள். எதிரே இருக்கிற கருவியின் இம்பிடன்ஸ் (பேச்சு சிக்னலுக்கு அது காட்டும் தடை) அது எதிர்பார்க்கிற மாதிரி இல்லையென்றால் வந்த பேச்சில் கொஞ்சம் வாசலிலேயே திரும்பிப் போய்விடும். இது பழைய செம்பு லைனிலும் இருந்ததுதான், உள்ளூர் காலில் திரும்புவதற்கு நேரமே ஆகாததால் யாருக்கும் தெரியவில்லை. ஃபைபரில் பேச்சை 20 மில்லி செகண்டுத் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள், எதிர்முனையில் சேர்த்துவைத்து விடுகிறார்கள், போகவர எல்லாம் கூடித் தாமதம் வந்துவிடுகிறது. தாமதமாக வந்தால் அதே சத்தம் எதிரொலி. இம்பிடன்ஸ் 600 ஓமா, நாட்டுக்குரிய கலப்பு வகையா என்பதை ஃபைபர் பெட்டியிலும் இபிஏபிஎக்ஸிலும் ஒரே மாதிரி வைக்கச் சொல்லுங்கள். டிரங்கில் சத்தத்தைக் கூட்டிவைத்திருந்தால் ஒரு படி இறக்குங்கள். “சத்தம் கம்மியாக இருக்கு” என்று யாரோ சொன்னதற்காக ஏற்றிவிட்ட வால்யூம்தான் பாதி இடங்களில் காரணம்.

சிவகாசி வாசகர்: கடையில் கிடைக்கும் தட்டையான டெலிபோன் வயரையே 30 மீட்டர் இழுத்துவிடலாமா?

வேண்டாம். அதில் முறுக்கு கிடையாது. சுவரிலிருந்து டெலிபோன்வரை 2 மீட்டருக்கு அது போதும், அதற்கு மேல் டியூப்லைட் வயரோடு சேர்ந்து ஓடினால் 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்து உட்கார்ந்துவிடும். கம்பியின் பருமனைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். அரை மில்லிமீட்டர் செம்பு ஜோடிக்கு ஒரு கிலோமீட்டர் போகவர சுமார் 176 ஓம்தான், உங்கள் 30 மீட்டருக்கு 5 ஓம் சொச்சம், அது ஒரு கணக்கே இல்லை. செம்புதானா என்று மட்டும் பாருங்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். கம்பிகளைக் குத்தி இணைக்கும் குரோன் மாட்யூலில் குத்தும்போதே ஒடியும், ஒடியாவிட்டால் ஆறு மாதத்தில் ஒடியும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: பழைய அமெரிக்கப் படங்களில் ஆபீஸ் டெலிபோனின் கீழே ஒரு வரிசைப் பட்டன் இருக்கும், சில விளக்கு எரியும், சில மினுக்கும், ஒன்று சிவப்பு. அது எப்படி வேலை செய்தது? அதற்குள் கம்ப்யூட்டர் இருந்ததா?

கம்ப்யூட்டர் இல்லை ஐயா, ரிலேயும் (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) கம்பியும்தான். ஆனால் அந்த வடிவமைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கும்.

பெல் நிறுவனத்தார் அதற்கு வைத்த பெயர் 1ஏ2, 1960-களில் வந்தது. பெரும்பாலும் 6 பட்டன்: 5 லைன், ஒரு சிவப்பு ஹோல்ட். நம் பெட்டியில் ஒரு டெலிபோனுக்கு ஒரு ஜோடி. அங்கே ஒவ்வொரு லைனுக்கும் 3 ஜோடி. பேச்சுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, ‘ஏ லீட்’ என்ற கட்டுப்பாட்டுக்கு ஒன்று. 5 லைனுக்கு 15, அதற்கு மேல் பஸ்ஸர் இத்யாதி, அதனால் ஒவ்வொரு டெலிபோனிலிருந்தும் விரல் பருமனுக்கு 25 ஜோடிக் கேபிள் வெளியே வரும். 6 மேஜை என்றால் 6 கேபிள், எல்லாம் ஒரு அலமாரிக்கு ஓடும். சுவரெல்லாம் மலைப்பாம்பு.

விளக்கு நிலையாக எரிந்தால் லைனில் ஆள் இருக்கிறார், மெதுவாக மினுக்கினால் கால் வருகிறது, படபடவென்று மினுக்கினால் யாரோ ஹோல்டில் காத்திருக்கிறார். அந்த விளக்கு எல்லா மேஜையிலும் ஒன்றுபோல் எரியும், யார் வேண்டுமானாலும் அமுக்கி எடுக்கலாம்.

இப்போது ஹோல்டைக் கவனியுங்கள். ரிசீவரை வைத்தாலும் ஹோல்ட் அழுத்தினாலும் டெலிபோன் லைனைவிட்டு வெளியே போகிறது. அலமாரியில் இருக்கும் கார்டு எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? ரிசீவரை வைக்கும்போது லைன் முதலில் வெட்டுப்படும், ஏ லீட் அப்புறம். ஹோல்டை அழுத்தும்போது ஏ லீட் முதலில் வெட்டுப்படும், லைன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ‘ஏ போச்சு, கரண்ட் மட்டும் ஓடுது’ என்று கார்டு பார்த்த கணத்திலேயே லைனுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுப் பிடித்துக்கொள்ளும். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை மட்டுமே சிக்னல். மேலே கிளினிக் அம்மாவுக்குச் சொன்னேனே, ரெண்டே கம்பி இருப்பதால் நாம் வெட்டின நீளத்தை வைத்துச் சொல்கிறோம் என்று. அவர்களிடம் கம்பி தாராளமாக இருந்தது, அதனால் நீளத்தை அளக்கவே வேண்டியதில்லை, எல்லைக்கோட்டுத் தகராறும் இல்லை. கால் தவறாது. செம்புக்கு ஆன செலவை நினைத்தால்தான் தலை சுற்றும்.

நாகர்கோவில் டிராவல்ஸ்: எங்கள் அறிவிப்பில் “புக்கிங்குக்கு 1 அழுத்தவும்” என்றால் சிலர் அழுத்தும் 1 இரண்டு தடவை பதிவாகிறது, 11-ஆவது எக்ஸ்டென்ஷனாகிய சமையலறைக்குப் போய்விடுகிறது.

சமையல்காரர் டிக்கெட் போட்டுக் கொடுக்காதவரை சரி.

பட்டன் சத்தம் ஒவ்வொன்றும் இரண்டு ஸ்வரம். 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209-உம் ஒன்றாக, 5 என்றால் 770-உம் 1336-உம். 1963-இல் அமெரிக்காவில் இதை வெளியிட்டபோது மனிதக் குரலோ பாட்டோ தற்செயலாக இந்த ஜோடியை எழுப்பிவிடக் கூடாது என்று பார்த்துப் பொறுக்கிய எண்கள், ஒன்று இன்னொன்றின் மடங்காக வராது. செம்பு லைனில் இது அருமையாக வேலை செய்தது.

இணையவழி லைனில் இதே எண்ணை இரண்டு விதமாக அனுப்பலாம்: சத்தமாகவே, அல்லது ‘1 அழுத்தினார்’ என்று தனிச் செய்தியாக, ஆர்எஃப்சி 2833 என்ற முறையில். உங்கள் லைனில் இரண்டும் சேர்ந்து வருகிறது என்று தோன்றுகிறது. சத்தம் ஒரு 1, செய்தியைப் பார்த்து ஃபைபர் பெட்டி தானே ஊதுகிற சத்தம் இன்னொரு 1. ஒன்றை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் சமையலறை எண்ணை மாற்றிவிடுங்கள். பொதுவாகவே அறிவிப்பில் சொல்கிற எண்களை ஆரம்பமாகக் கொண்ட எக்ஸ்டென்ஷன் வைக்காமல் இருப்பது நல்லது.

கூடலூர் பக்கம் விடுதி நடத்துபவர்: வருஷா வருஷம் இடிமழைக் காலத்தில் எக்ஸ்டென்ஷன் கார்டு போய்விடுகிறது. குடில்களுக்கு மரத்தோடு மரமாகக் கம்பி இழுத்திருக்கிறோம்.

மரத்தோடு மரமாக இழுத்தது கம்பி இல்லை, ஆன்டெனா. மின்னல் நேராக விழவே வேண்டாம், பக்கத்தில் எங்காவது விழுந்தாலே போதும். ஒவ்வொரு குடில் ஜோடிக்கும் பெட்டிப் பக்கத்தில் 230 வோல்ட் வாயுக்குழாய்ப் பாதுகாப்பு (வோல்டேஜ் எகிறினால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னக் குழாய்) போடுங்கள், குரோன் மாட்யூலில் செருகும்படியே கிடைக்கிறது. அதைப் போட்டுவிட்டு எர்த் கொடுக்காமல் விட்டால் வெறும் அலங்காரம். இந்தத் தப்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். எர்த் கம்பி தடிமனாக, குட்டையாக, வளைவு குறைவாகப் போகட்டும். கரண்ட் எர்த்தும் இந்த எர்த்தும் தனித்தனியாக இருந்தால் இடி விழுகிற நேரத்தில் இரண்டுக்கும் நடுவே பல நூறு வோல்ட் வித்தியாசம் வந்து, பெட்டி அதற்குள் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். நியூட்ரலைப் பிடித்து எர்த் என்று கொடுக்கிறவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

பெரிய இடிக்குப் பிறகு ஒரு லைன் மட்டும் செத்துக் கிடந்தால் முதலில் அந்தக் குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். அடி வாங்கி ஷார்ட்டாகி, கார்டைக் காப்பாற்றிவிட்டு அது செத்திருக்கும்.

சேலம், புதிதாக ஆபீஸ் திறக்கும் தம்பி: இந்தக் காலத்தில் இபிஏபிஎக்ஸ் எதற்கு அண்ணா? எல்லாம் லேன் கேபிளில் ஓடும் ஐபி டெலிபோனாகவே போட்டுவிடலாமே?

போடுங்கள் தம்பி, புதுக் கட்டடம், லேன் கேபிள் எப்படியும் இழுக்கப் போகிறீர்கள் என்றால் அதுதான் லாபம். ஃப்ளாஷ், போலாரிட்டி, முறுக்கு என்று நான் மேலே புலம்பியதில் பாதி உங்களுக்குக் கிடையாது. ஒன்றை மட்டும் யோசித்துவிட்டுப் போடுங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் ஒரு ரிலே உண்டு. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், அது தானாக விழுந்து முதல் டிரங்கை ஒரு குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனுக்கு நேராக இணைத்துவிடும். எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட்டில் அந்த ஒரு டெலிபோன் உயிரோடு இருக்கும். செம்பு லைன் இருந்தவரை தீயணைப்பு, ஆம்புலன்ஸ் கூப்பிட அது போதுமாக இருந்தது. ஐபி-யில் ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் யூபிஎஸ் வேண்டும். ஸ்விட்சுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மாடியில் தனியாக மாட்டியிருக்கிற ஃபைபர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். டெலிபோன் எல்லாம் அழகாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும், லைன் மட்டும் இருக்காது.

டெலிபோனுக்குத் தனி அடாப்டர் வாங்காதீர்கள், லேன் கேபிளிலேயே கரண்ட் தருகிற ஸ்விட்ச் வாங்குங்கள். அதில் வருவதும் 48 வோல்ட்தான்.